ரோஸ் மாத்திரை

— இப்ப டப்புன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, அது என்னாடா?

— ஒண்ணும் இல்லக்கா. டோலோ. காய்ச்சலுக்கு.

— யூஜின், நான் பி.டி. டீச்சர். மைதானத்துல எவன் பொய் சொல்றான்னு முதுகைத் திருப்பிக்கிட்டே சொல்லுவேன். டோலோ நேத்தே தீந்துபோச்சு. புது அட்டைய இப்பதான் மெடிக்கல்காரங்க கேட்டுல மாட்டிட்டுப் போனாங்க. இதோ, என் மடியில கிடக்கு.

— லைன் சரியில்ல மேடம். உங்கள் அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம். தயவுசெஞ்சு ஹோல்டுல இருங்க.

— உன் கால் சென்டர் ஜோக்கெல்லாம் வைட்ஃபீல்ட் ஆபீசோட வெச்சுக்க. ரோஸ் மாத்திரைய முழுங்கினியா?

— அலாரம் அடிச்சுது. நாலு வருஷமா அது அடிச்சா கை தானா போகுது.

— டாக்டர் வீணா அதை நிறுத்தச் சொன்னாங்க இல்ல?

— உனக்கு யாரு சொன்னது?

— அவங்களேதான். நீ போனை எடுக்கலன்னு எனக்கு அடிச்சாங்க. கொரோனா டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்த அன்னிக்கே நிறுத்தச் சொன்னேன், நிறுத்திட்டாரா, மூச்சு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க. நான் பேந்தப் பேந்த முழிக்கிறேன். ஏன்டா எங்கிட்ட சொல்லல?

— சொன்னா நீயும் நிறுத்துன்னு சொல்லுவே.

— பின்ன, முழுங்கச் சொல்லுவேனா? கதவைத் திற.

— திறக்க மாட்டேன். தாழ்ப்பாள் போட்டிருக்கேன். தள்ளிப் போய் உக்காரு. கதவுல சாஞ்சுக்கிட்டு பேசுற, குரல் கிட்டத்துல கேக்குது.

— மாஸ்க் போட்டிருக்கேன்.

— நானுந்தான் போட்டிருந்தேன். மாஸ்க் போட்டேன், ரெண்டு ஊசி போட்டேன், சர்டிபிகேட்டை போன்ல வச்சுக்கிட்டு மாலுக்கு மால் காட்டினேன். எங்க வந்து நிக்கிறேன் பாத்தியா?

— முதல்ல ஆக்சிஜன் பாக்கற மெஷினை விரல்ல மாட்டு. நம்பரைச் சொல்லு.

— தொண்ணூத்தேழு.

— சீக்கிரமா சொல்ற. அது நம்பர் காட்டவே கொஞ்ச நேரம் ஆகும். மாட்டாமலே சொல்றியா, யூஜின்?

— இரு, மாட்டுறேன். ஓடுது... தொண்ணூத்தஞ்சு. இல்ல. தொண்ணூத்துநாலு.

— ஏசுவே.

— கை ஜில்லுன்னு இருக்குக்கா, அதனால கம்மியா காட்டுது.

— நேத்து சாயங்காலம் தொண்ணூத்தாறு சொன்னே. தொண்ணூத்துநாலுக்குக் கீழ போனா ஆஸ்பத்திரிக்கு வரணும்னு சொல்லியிருக்காங்க. இன்னும் ஒரே ஒரு நம்பர்டா. ஒண்ணு இறங்கினா ஆம்புலன்ஸ்.

— தெரியும். கத்தாத. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ராத்திரி பூரா இந்தப் பக்கம் படுக்கிறேன், அந்தப் பக்கம் படுக்கிறேன், குப்புறப் படுக்கிறேன். நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கு. கேர்ள்ஸ் ஸ்கூல் த்ரோபால் டீமே உக்காந்திருக்கு.

— சிரிப்புக் காட்டாத. எனக்குச் சிரிப்பு வரல.

— எனக்கு மட்டும் வருதா? பேசாம இருந்தா அழுதுடுவேன், அதான் பேசுறேன்.

— சரி. பேசு. ஆனா மெதுவா பேசு. மூச்சு வாங்குது உனக்கு.

— கொயர்ல எல்லாருக்கும் வந்துச்சு இல்ல? கிறிஸ்மஸ் பூசையில பாடின எல்லாருக்கும். லாயிட்டுக்கு ரெண்டு நாள் மூக்கு ஒழுகிச்சு, இப்ப பிரியாணி போட்டோ அனுப்புறான். லீனாவுக்குத் தொண்டைவலியோட போச்சு. அவங்க போட்ட அதே ஊசிதானே எனக்கும் போட்டாங்க? ஒரே கேம்ப், ஒரே நாளு. எனக்கு மட்டும் ஏன்க்கா?

— அதைத்தான் டாக்டர் எனக்கு வெளக்கினாங்க. உனக்கும் சொல்லியிருப்பாங்க. கேக்காத மாதிரி இருக்கே.

— சொன்னாங்க.

— என்ன சொன்னாங்க? நீயே சொல்லு.

— ரோஸ் மாத்திரை என் உடம்புல இருக்கிற எதிர்ப்பு சக்திய தூங்க வைக்குது. அது முழிச்சிருந்தா நீ குடுத்த ராஜ்மாவை வெளி ஆளுன்னு நெனச்சு அடிச்சு விரட்டிடும்.

— அப்புறம்?

— தூங்குறவனுக்குப் போய் ஊசி பாடம் நடத்தியிருக்கு. அவன் ஒண்ணும் கத்துக்கல. இப்ப நோய் உள்ள வந்ததுக்கப்புறமும் தூங்கிக்கிட்டிருக்கான்.

— எல்லாம் தெரியுது. தெரிஞ்சும் காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு அவனை மறுபடி மறுபடி தூங்க வைக்கிறே!

— நிறுத்தினா ராஜ்மா போயிடும்க்கா.

— போயிடும்னு யாரு சொன்னது? மத்த மாத்திரை எல்லாம் ஓடுது இல்ல? இது ஒண்ணை மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்தச் சொல்றாங்க.

— போகலாம்னு சொன்னாங்க. போகும்னு சொல்லல, போகாதுன்னும் சொல்லல. நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். கஸ்டமர் சர்வீஸ்ல இருக்கேன், மழுப்பற பதிலைக் கேட்டா எனக்குத் தெரியாதா?

— அதுக்காக?

— அதுக்காகத்தான். வேற என்ன?

— டேய், என்னடா பேசுற!

— உனக்குப் புரியாது. ராஜ்மான்னு அதுக்குப் பேர் வெச்சதே உன் பொண்ணு. டாக்டர் ரூம்ல மாட்டியிருந்த படத்தைப் பாத்து, "அம்மா, கிட்னி ராஜ்மா மாதிரியே இருக்கு"ன்னா. அன்னிலருந்து ஆபரேஷன் நாள் வந்தா கேக் வாங்கி, ராஜ்மாவுக்கு ஹேப்பி பர்த்டே பாடுறோம். என் பொறந்த நாளுக்குக் கூட யாரும் அந்த மாதிரி பாடினதில்ல.

— அதெல்லாம் குளோரியா விளையாட்டு.

— எனக்கு விளையாட்டு இல்ல. டயாலிசிஸ் நாற்காலியில நான் உக்காந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கா? ஊசிக்கு எடமில்லாம கை வீங்கிக் கிடந்தேன். தண்ணி குடிக்கக் கூடாதுன்னு ஐஸ் கட்டிய நக்கினேன். அப்ப நீ வந்து, "என்னுது எடுத்துக்கோடா"ன்னே. டீ வேணுமான்னு கேக்குற மாதிரி சொன்னே. மச்சான் உங்கிட்ட எத்தன நாள் பேசல?

— அந்தக் கதை இப்ப எதுக்கு?

— சொல்லு.

— கிளெமென்ட் பயந்துட்டாரு. கோபம் இல்ல, பயம். அப்புறம் அவரேதான் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல முட்டிபோட்டாரு.

— ஸ்கூல்ல ஓடாத, குதிக்காதன்னு உன்னை நாற்காலியில உக்கார வெச்சுட்டாங்க. ஸ்டேட் லெவல்ல ஓடினவ. விசில் மட்டும் ஊதிக்கிட்டிருக்கே. அவ்ளோ குடுத்தே. நான் ஒரு காய்ச்சலுக்குப் பயந்து அதைத் தூக்கிப் போட்டா, நீ சும்மா ஒண்ணை இழந்த மாதிரி ஆயிடும். அதை என்னால தாங்க முடியாதுக்கா. செத்தாலும் பரவாயில்ல, அது உள்ள இருக்கணும்.

— நீ செத்தா அது மட்டும் உள்ள ஜம்முனு இருக்குமா? முட்டாள்! நீ செத்தா அதுவுந்தான் சாகும். இங்க கேளு. அழாம கேளு. அது எப்ப என் உடம்பை விட்டுப் போச்சோ, அப்பவே அது என்னுது இல்ல. நான் உன்னை அதுக்கு வாட்ச்மேனா வைக்கல. நீ கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது"ன்னு சொல்லணும்னு குடுத்தேன். நாலு வருஷம் சொன்னே. வீட்டுல அரிசி மிஞ்ச விடல நீ. அதுக்கே எனக்குத் திருப்தி. இனிமே அது இருந்தா சந்தோஷம், போனா மறுபடி நாற்காலி, மறுபடி ஐஸ் கட்டி, நான் பக்கத்துல இருப்பேன். எனக்கு அது வேணாம்டா. எனக்குத் தம்பி வேணும்.

— அக்கா...

— நான் பயந்து போயிருக்கேன். நேத்து ராத்திரி முழுக்க இங்கயேதான் உக்காந்திருந்தேன். நீ இருமினா பயம், இருமலன்னா அதைவிட பயம். சுவத்துல ஸ்பூனால தட்டுன்னு சொல்லியிருந்தேன் இல்ல, தட்டுறியா தட்டுறியான்னு கேட்டுக்கிட்டே... க்ஹும்... கேட்டுக்கிட்டே...

— நீ ஏன் இருமுறே?

— மைதானத்துப் புழுதி. கத்திக் கத்திப் பழகின தொண்டை. உன்னால இன்னும் கத்த வேண்டியிருக்கு.

— ஸ்கூலே மூடிக் கிடக்கு. எந்த மைதானம்?

— சும்மா இருடா! பேச்சை மாத்தாத. கஞ்சி வெச்சிருக்கேன், குடிச்சுட்டு—

— கஞ்சியா? அது அடி பிடிச்சுப் போச்சே. அப்பலருந்தே தீஞ்ச வாசனை கதவிடுக்கு வழியா வருது. உனக்கு வரல?

— ...மாஸ்க் போட்டிருக்கேன்னு சொன்னேன் இல்ல. போய் அடுப்பை அணைச்சுட்டு வரேன். மெஷினைக் கழட்டாத.

— மெதுவா போ.

— ...

— அக்கா? வந்துட்டியா?

— வந்துட்டேன். பாத்திரம் போச்சு. வேற வைக்கிறேன். நம்பர்?

— தொண்ணூத்துநாலு. அப்படியே நிக்குது.

— நிக்கட்டும். மாதாவே, அங்கயே நிக்கட்டும்.

— நாலு எட்டு சமையக்கட்டுக்குப் போய் வந்ததுக்கு உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?

— வயசாகுதுடா. உனக்கு மட்டும் அக்கா எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கணுமா?

— சரி, நான் ஒரு டீல் சொல்றேன்.

— என்ன டீல்?

— ரோஸ் மாத்திரை அட்டை எல்லாத்தையும் கதவுக்கு அடியில தள்ளிடுறேன். சாயங்காலம் அலாரம் அடிச்சாலும் முழுங்க எங்கிட்ட ஒண்ணும் இருக்காது. தொண்ணூத்துமூணு வந்தா நானே ஆம்புலன்சுக்குப் போன் பண்றேன். டாக்டர் என்ன சொன்னாலும் சரி சரின்னு கேக்குறேன்.

— ஸ்தோத்திரம். தள்ளு.

— இரு, முழுசா கேளு. நீ இன்னிக்கே இங்கருந்து கிளம்பணும். பொம்மனஹள்ளிக்கு. மச்சானும் குளோரியாவும் எங்க இருக்காங்களோ, அங்க. கஞ்சிய ஆன்லைன்ல வாங்கிக்கிறேன்.

— உன்னைத் தனியா விட்டுட்டா?

— உன்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணை வெச்சுக்கிட்டு என் கதவு வாசல்ல படுத்துக் கிடக்கிறே. எனக்கு இந்த நோயைவிடப் பெரிய பயம் அதுதான். நான் போனா போறேன். நான் போகும்போது உனக்கு இதைக் குடுத்துட்டுப் போனேன்னா? உன்னுது கெட்டுப்போனா உனக்கு யாரு குடுப்பா? நான் குடுக்க முடியுமா? உனக்கும் சேத்துத்தானே தாழ்ப்பாள் போட்டிருக்கேன்! சரின்னு சொல்லு. குளோரியா மேல சத்தியம் பண்ணு.

— பொண்ணு மேல எல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன். முதல்ல மாத்திரைய தள்ளு.

— நீ முதல்ல சொல்லு.

— யூஜின், உனக்கு சின்ன வயசுலருந்து நான் சொல்லி ஏதாவது கெட்டுப் போச்சா? தள்ளுடா, கண்ணு. அக்கா கேக்குறேன் இல்ல?

— ...இந்தா. ஒண்ணு. இன்னொண்ணு. இது பாதி அட்டை. டிராயர்ல இருந்ததும் இருக்கு. இந்தா, எல்லாம் வந்துடுச்சு.

— எடுத்துக்கிட்டேன். வேற எங்கயாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?

— இல்ல. சத்தியமா இல்ல. ராஜ்மா மேல சத்தியம்.

— பாவி. சிரிக்க வெச்சுட்டியே... க்ஹும்... க்ஹும்...

— அக்கா, அழுறியா?

— சந்தோஷத்துலடா. எனக்கு இது போதும்.

— சரி, நான் என் வேலைய முடிச்சுட்டேன். இப்ப உன் வேலை. பேக்கை எடு. மச்சானுக்குப் போன் பண்ணு, பைக்ல வந்து கூட்டிட்டுப் போகட்டும்.

— கிளெமென்ட் வர வேணாம்.

— அப்ப ஆட்டோவுல போ.

— ஆட்டோவுலயும் போகக் கூடாதுடா.

— ஏன் கூடாது? பேச்சு மாறாத, பவுலின்க்கா! மாத்திரைய வாங்கிக்கிட்டு ஏமாத்துறியா? நீ போகலன்னா நான் சுவத்துல முட்டிக்குவேன். போய் உன் பொண்ணுகூட இரு!

— அவகிட்ட நான் எப்படிடா போவேன்?

— ஏன்? உனக்கென்ன?

— தாழ்ப்பாளை எடு, யூஜின். இனிமே அது தேவையில்ல. அந்த மெஷினைக் கொஞ்சம் கழட்டிக் குடு, என் விரல்லயும் மாட்டிப் பாக்கணும்.