பன்னிரண்டு நகல்

— எம்புள்ள இறப்புச் சான்றிதழ்ல பேரு, வயசு, ஊரு எல்லாம் சரியாத்தான் இருக்கு மிஸ்டர் ப்ரூவர். இந்த வரியை மட்டும் நீங்களே வாய்விட்டுப் படிங்க.

— "இறந்த விதம்: கொலை." மரண தண்டனைன்னா டெக்சஸ்ல அப்படித்தான்மா எழுதுவாங்க. சவ அடக்க வேலையில முப்பது வருஷமா இருக்கேன், எனக்குத் தெரியாதா?

— விஷ ஊசி போட்டதும் சர்க்காரு, கொலைன்னு முத்திரை குத்திக் குடுக்கிறதும் சர்க்காரு. நல்லாருக்கு!

— அது மருத்துவக் கணக்கு, வெர்னாம்மா. ஒருத்தர் கையால இன்னொருத்தர் செத்தா அந்த வார்த்தைதான். குத்தம்னு அர்த்தமில்ல.

— என் பையன் டெரல் ஒரு கடைக்காரரைச் சுட்டானே, அவரு சான்றிதழ்லயும் இதே வார்த்தைதான். அன்னைக்குக் கொன்னவன் பேரை ஊரே கூவிச்சு. இதுல கொன்னவன் பேரு எங்க?

— அதுக்குக் கட்டமே கிடையாதும்மா.

— இருந்தா யாரை எழுதுவீங்க? ஊசி போட்டவனையா?

— அவன் பாவம், சொன்னதைச் செஞ்சவன்.

— ஜெயில் அதிகாரியை?

— அவருக்கு மேலிடத்து உத்தரவு.

— நீதிபதியை?

— ஜூரி சொன்னதுக்கு அவரு கையெழுத்துப் போட்டாரு. அவ்வளவுதானே?

— கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்கீங்களே! ஜூரின்னா யாரு? நம்ம ஊர்க்காரங்க பன்னெண்டு பேரு. அதுல ஒரே ஒருத்தர் மாட்டேன்னு சொல்லியிருந்தா, எம்புள்ள ஜெயிலுக்குள்ளயே கிழவனாகியிருப்பான்.

— காபி ஆறுது, குடிங்க.

— கடைசியா ஒருவாய் கெளுத்தி மீன் வறுவல் கேட்டான். அதுகூடக் குடுக்கல. எல்லாருக்கும் போட்ட பீன்ஸையே போட்டாங்க.

— கர்த்தர் ஆறுதல் குடுப்பாரு. பெட்டிக்கும் குழிக்கும் நான் காசு ஒண்ணும் வாங்கப் போறதில்ல, சொல்லிட்டேன்.

— ஏன்?

— என்னமோ... மனசு கேக்கல.

— பதினோரு வருஷமா கேட்ட மனசு இப்பதான் கேக்கலையா?

— என்னம்மா சொல்றீங்க? போன்ல பன்னெண்டு நகல் கேட்டீங்க, உறையில இருக்கு. சொத்துபத்து இல்லாத கைதிக்கு ரெண்டே அதிகம். இத்தனை எதுக்குன்னு எனக்குப் புரியவே இல்ல.

— பதினொண்ணை மத்த ஜூரிக்காரங்களுக்குத் தபால்ல போட்டுருவேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி தீர்ப்பன்னைக்கு நீதிபதி ஒவ்வொருத்தரா எழுப்பி 'இதுதான் உங்க முடிவா'ன்னு கேட்டப்ப, பின்வரிசையில கடைசி நாற்காலி, தரையைப் பாத்துக்கிட்டே "ஆமா"ன்னீங்களே மிஸ்டர் ப்ரூவர்... இந்தாங்க, இது உங்களுக்கு.