மாதா படத்தில் முழந்தாளில் நிற்பவர்

பல்லரோச் சந்தைப் பக்கம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் தமிழ்ப் பெண்கள் இருவர் இருந்தார்கள்.

“என்ரை மனிசன் இப்ப நாள் முழுக்க மாதாவுக்கு முன்னாலை முழந்தாளிலைதான் நிக்கிறார்,” என்றாள் ஒருத்தி.

ஒரு செபமாலை முடியுமுன்னே முழங்கால் நோகிறதென்று எழும்பிவிடும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“மெய்யாவோ?” என்றாள் மற்றவள்.

“படத்திலையடி. அந்தக் காலத்து மாதா படங்களிலை, காசு குடுத்துப் படத்தைச் செய்விச்ச ஆக்களும் காலடியிலை முழந்தாளிலை நிப்பினமெல்லோ? அப்பிடி ஒண்டைப் பாத்து ஒரு ஓவியரைக் கொண்டு கீறுவிச்சு, அதிலை இவரின்ரை முகத்தை வைப்பிச்சனான். அதைப் பாத்தெண்டாலும் பூசைக்கு வருவாரெண்டு.”

“வந்தவரோ?”

“எங்கை! ‘நான்தான் அங்கை நிக்கிறனே, நீ போயிட்டு வா’ எண்டு படுத்திட்டார்.”

“பிறகு?”

“இந்த முகத்தை அழிச்சுப்போட்டு உங்கடை தமையன்ரை முகத்தைக் கீறச் சொல்லப்போறன் எண்டன். ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லையெல்லோ? எழும்பி, எனக்கு முன்னமே கோயிலுக்குப் போயிட்டார்!”