கஸ்பார் எடுக்க மறந்த தகர வில்லை

தூத்துக்குடிக்காரங்ககிட்ட கப்பல் கதை சொல்ல எனக்கே கொஞ்சம் பயமாத்தான் இருக்கு... இருந்தாலும் ஒரு சின்னக் கதை சொல்றேன், கேளுங்க.

கஸ்பார் ரொட்ரிகோன்னு ஒரு பெரியவர். ரெண்டாம் உலக யுத்தத்துல சரக்குக் கப்பல்ல கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர். எண்பது வயசுல கோயிலுக்கு வந்து என்கிட்ட கேக்குறாரு, "சாமி, நான் செஞ்ச தப்பால ஒரு உசுரு பொழைச்சுது. அப்ப அது தப்பா, இல்லையா?" எனக்கு ஒண்ணும் புரியல. "என்ன தப்பு? விவரமாச் சொல்லும்யா"ன்னேன்.

அந்தக் கப்பல்ல ஒரு வழக்கம். கீழ கொதிகலன் அறைக்கு இறங்குறவன் தன் பேர் போட்ட தகர வில்லையை, மேல்தளத்துல படிக்கட்டுப் பக்கத்துப் பலகையில மாட்டணும். ஏறி வந்ததும் எடுத்துக்கணும். வில்லை தொங்குதா... ஆள் உள்ள இருக்கான். அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில கப்பல் துறைமுகத்துல நிக்குது. வேலை முடிஞ்சு கஸ்பார் ஏறி வந்தாரு. உடம்பெல்லாம் கரி. குளிக்கிற அவசரத்துல வில்லையை எடுக்க மறந்துட்டாரு. தலையில சோப்பு போட்டுக்கிட்டு நிக்கிறாரு... மேல விமானம்! குண்டு! கப்பல் ஒரு பக்கமாச் சாயுது. சோப்புத் தலையோட கடல்ல குதிச்சுக் கரையேறிட்டாரு!

திரும்பிப் பாத்தா, கப்பல் சமையல்காரர் மீராசா பலகை முன்னால நிக்கிறாரு. அதுல ஒரே ஒரு வில்லை தொங்குது, கஸ்பாரோடது. "யா அல்லா, கஸ்பாரு உள்ள கெடக்கானே!"ன்னாராம். ஈரச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டுப் புகைக்குள்ள இறங்கிட்டாரு.

இவரு கரையில நின்னு கத்துறாரு. "யண்ணே! நான் இங்க நிக்கேன்! ஏறி வாரும்ணே!" விமானத்தைச் சுடுற பீரங்கிச் சத்தத்துல கேக்குமா? கேக்கல... "என் மறதிக்கு அந்த மனுசன் சாவணுமான்னு தரையில விழுந்து அழுதேன், சாமி"ன்னாரு.

எவ்வளவு நேரமோ... மீராசா வெளிய வந்தாரு. தோள்ல ஒரு ஆள்! யாருங்க அது? கஸ்பார்தான் கரையில நிக்கிறாரே! வில்லை மாட்டினவன் எல்லாரும் ஏறி வந்தாச்சே!

மூஞ்சியைக் கழுவிப் பாத்தா... இருளப்பன். துறைமுகத்துலேர்ந்து கரி மூட்டை இறக்க வந்த கூலி. கப்பல் ஆளுங்களுக்குத்தான் வில்லை. கூலிக்கு ஏதுங்க வில்லை? கரி சரிஞ்சு கால் மாட்டிக்கிட்டுக் கெடந்திருக்கான். அவன் உள்ள இருக்கான்னு ஒருத்தருக்கும் தெரியாது. "கஸ்பாரு, கஸ்பாரு"ன்னு மீராசா கூப்பிட்டதும், "ஐயா, இங்க!"ன்னு இவன் குரல் குடுத்திருக்கான்.

கஸ்பார் பிற்பாடு கேட்டாராம், "அது என் குரல் இல்லன்னு தெரியலையாண்ணே?"

மீராசா சொன்னாராம், "தெரிஞ்சுது. அதுக்காக விட்டுட்டு வரச் சொல்றியா?"

கஸ்பார்கிட்ட நான் சொன்னேன், "மறந்தது தப்புதான்யா. உம்ம தப்பு யாரையும் காப்பாத்தல. இறங்கின மனுசன் காப்பாத்தினாரு." அந்தப் பெரியவர் அப்படி அழுதாரு.

என் பிள்ளைகளா... நாளைக்கு வெள்ளம் புகுந்த தெருவுக்கெல்லாம் அரிசி கொண்டு போறீங்க. கையில பட்டியல் இருக்கு. நாமதானே எழுதினோம்? போன வாரம் வாடகைக்கு வந்தவன் அதுல இருப்பானா? உப்பளத்துக் கொட்டகையில தங்கியிருக்கிற பொம்பள இருப்பாளா? பேரைக் கூப்பிடுங்க. கூப்பிட்ட பேருக்கு வேற யாராவது வந்து நின்னா... "உன் பேரு இல்லையே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. முதல்ல அரிசியைக் குடுங்க. அப்புறம் பேரைக் கேளுங்க.