எந்திரிக்காத கோழி

“...அடியில ஒத்த முட்டை இல்லீங்க, வெறுந்தரையில அடை உக்காந்துட்டு எந்திரிக்கவே மாட்டேங்குது அந்தக் கோழி. அடை தெளியட்டும்னு இன்னைக்கும் தண்ணியில முக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்.”

தலைச்சோலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த ரோசியக்கா இப்படிச் சொன்னதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய சிநேகிதி பதறிவிட்டார்.

“அய்யோ, அதைப் போயி முக்குவாங்களா! அடைக்கோழி கேட்டுத்தானுங்க நான் தங்கச்சி ஊட்டுக்குப் போயிட்டு இருக்கேன். எங்க கோழியை விடியக்காலம் கீரி தூக்கிருச்சு. அது அடை காத்த முட்டையெல்லாம் இதா, மடியில.” துண்டில் கட்டிய மூட்டையைத் தொட்டுக் காட்டினார். “நொம்ப நேரம் தாங்காதுங்க. சூடு ஆறுனா அவ்வளவுதான்.”

ரோசியக்கா உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

“ஏனுங்க, கோழியை முக்கிட்டீங்களா? கையில புடிச்சிட்டு வாளிகிட்ட நிக்கறீங்களா? அப்படியே கீழ உட்டுருங்க. அதுக்கு வேலை வந்துருச்சு! நான் ஊட்டுக்குத்தான் வந்துட்டு இருக்கேன்.”

சிநேகிதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொரிச்சா பாதிக் குஞ்சு உங்களுக்குங்க.”

“பாதி கெடக்கட்டும். கருஞ்சேவல் வந்தா எனக்கு.”

“அதை உங்க கோழியைத்தான் கேக்கோணும்.”

ரோசியக்கா மூட்டையை வாங்கித் தன் பச்சை ஸ்வெட்டருக்குள் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. “அக்கா, கொஞ்சம் நகர்ந்து உக்காருங்க” என்றார் கண்டக்டர்.

ரோசியக்கா கழுத்தை மட்டும் திருப்பி அவரை ஒரு முறை முறைத்தார். இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.