செவப்புக் கயிறு கட்டுற கம்பம்

முன்ன முன்ன, நம்ம கோரத்துறையில பாய்மரம்கூட நாலு பேருகிட்டதான் இருந்த காலத்துல, காத்தாயின்னு ஒருத்தி இருந்தாளாம். என் பாட்டனுக்குப் பாட்டி அவ. கேளுங்க.

ஆவணி மாசம் விடியக்காலையில கடல் தாண்டி தகைவிலான் குருவி வருமே, வாலு ரெண்டா பிரிஞ்சிருக்குமே, அது வந்துச்சாம். வந்து வந்து வந்து, கரையே கறுத்துப் போச்சாம். பறந்து ஓஞ்ச குருவி கண்டதுமேல எல்லாம் உக்காரும். அதுக்குன்னே கம்பு நட்டு வலை கட்டியிருப்பாங்களாம். மாட்டுறத வறுத்துத் திம்பாங்களாம்.

காத்தாயி புருஷன் வேதையன் கட்டுமரத்துல போனவன், காத்துல மாட்டித் திரும்பலையாம். ஊரும் தேடிப் பாத்துட்டு, ஆளு போயிட்டான்னு முடிவு கட்டிருச்சு. அன்னிக்குக் காலையில அவ தாலியக் கழட்டணும்.

"பொழுது ஏறுது, வா தாயி"ன்னாராம் ஊருக்குத் தலைவரு, நாட்டார்.

"இருங்க மாமா, இது ரொம்பக் கத்துது, எடுத்து விட்டுட்டு வரேன்"னு வலையிலேர்ந்து ஒரு குருவிய எடுத்தாளாம். எடுத்தவ அப்படியே நின்னுட்டாளாம்.

குருவி கால்ல செவப்பு நூலு. அரைஞாண் கயித்துல பிரிச்ச நூலு.

"மாமா, அவரு கட்டி விட்டிருக்காரு."

"நூலு எங்கயாச்சும் சிக்கியிருக்கும் தாயி."

"சிக்குற நூலு தானா முடிச்சுப் போட்டுக்குமா?"

அப்ப அவ ஓர்ப்படி மங்களம் மண்ணுல உக்காந்துட்டாளாம். "அடி காத்தாயி, நேத்து நான் உரிச்ச குருவியிலயும் இருந்துச்சுடி. பிச்சுக் குப்பையில போட்டேன்."

ஊரே கூடிக் கட்டுமரத்தத் தள்ளுனாங்க. குருவி வர்ற பக்கமே போனாங்க. குருவி எதுக்க வருது, இவங்க போறாங்க, குருவி வருது, இவங்க போறாங்க. உச்சிப் பொழுதுல, ஒடஞ்ச கட்டையில ஒத்தையாக் கெடந்தானாம் வேதையன். உசுரு இருந்துச்சாம். இடுப்புல கயிறு இல்லையாம்.

கரைக்கு வந்து, தண்ணி குடிச்சுட்டு அவன் கேட்டது இதானாம்: "கட்டையில எறங்குன குருவிக்கெல்லாம் கட்டி விட்டனே. ஒன்னுகூடவா வரல?"

ஒருத்தரும் வாயத் தொறக்கல. காத்தாயிதான் சொன்னாளாம்.

"எல்லாம் வந்துச்சு. நாங்கதான் தின்னுட்டோம்."

அன்னிக்கே வலையப் புடுங்குனாங்க. ஒரு கம்ப மட்டும் விட்டு வச்சாங்க, அதான் கரையில நிக்கிற கம்பம். ஆவணியில மொதக் குருவி வந்ததும், கடலுக்குப் போற ஒவ்வொருத்தனும் தன் அரைஞாண்ல ஒரு நூலு பிரிச்சு அதுல கட்டுறான்ல? கட்டுறப்ப ஏன் யாரும் பேசுறதில்லன்னு கேட்டீங்களே, இதுக்குத்தான்.