மீன் படம் ஓடின அறை

எனக்கு இதை முதல்ல சொன்னது நீங்க இல்லைங்க டாக்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. டிரில் மாஸ்டர். என் சின்னவன் நாலாவது படிக்கிறப்ப, அரைப்பரீட்சை பேப்பர் குடுத்த அன்னைக்கு, ஸ்கூல் வாசல்கிட்ட என்னை நிறுத்திச் சொன்னாரு. இவனைப் பாடத்துக்கு முன்னாடி இருபது நிமிஷம் ஓடவிட்டுப் பாருங்கம்மா, ஓடிட்டு வந்தா சொன்னது இவன் தலையில நிக்குதுன்னாரு. ஆச்சு, இருபத்திமூணு வருஷம்.

இல்லைங்க, நீங்க எந்திரிக்க வேணாம். மேஜை தொடைக்கிற சாக்குலதான் வந்தேன். எழுதுறதை மட்டும் ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைங்க.

கணக்குப் போடுற பொண்ணு மத்தியானம் சாப்பிடறப்ப சொல்லுச்சு. எட்டு வாரம் சைக்கிள் மிதிச்ச பிள்ளைங்களும், பக்கத்து ரூம்ல சும்மா உக்காந்து மீன் படம் பார்த்த பிள்ளைங்களும் ஞாபகப் பரீட்சையில ஒரே அளவுதான் ஏறியிருக்காங்களாமே. அதனால உடம்பை ஓட்டுறதுக்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு நீங்க எழுதப்போறீங்களாம்.

அப்படித்தானா? சரிங்க. நாளைக்குக் காலையில அனுப்பணுமா.

அனுப்பினா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். இங்க வர்ற மறதிப் பிள்ளைங்களுக்கு அதுங்க ஸ்கூல்ல இருக்கிற ஓட்டப் பீரியடை எடுத்துட்டு அங்கயும் ஒரு கணக்குப் பாடம் வச்சிருவாங்க. அந்த ஸ்கூல் பெரிய டீச்சர் என்கிட்டயே சொன்னாங்க, டாக்டர் ஒரு வார்த்தை எழுதித் தரட்டும்னுதான் காத்திருக்கோம்னு.

நான் எட்டாவதோட நின்னவ. உங்க சோதனை முழுசாப் புரியாது. ஆனா நீங்க சொல்ற அந்த ஞாபகம் எதுன்னு புரியும். போன வருஷம் நடந்ததை நினைக்கிறது இல்லை. இப்பச் சொன்னதைப் புடிச்சு வச்சுக்கிட்டே வேலை செய்யறது. நீங்க அஞ்சு, ரெண்டு, எட்டுன்னா அதுங்க எட்டு, ரெண்டு, அஞ்சுன்னு திருப்பிச் சொல்லணும். கையில ஏந்தின தண்ணி மாதிரிங்க அது. நாம எப்படியோ வாய் வரைக்கும் கொண்டு போயிடறோம். அதுங்களுக்கு விரலிடுக்குல ஒழுகிப்போயிடுது.

சின்னவனுக்கு அப்படித்தான் ஒழுகும். கடைக்கு மூணு சாமான் சொல்லிவிட்டா ஒண்ணோட வருவான். ஒண்ணு சொல்லிவிட்டா வெறுங்கையோட வருவான். ஆனா வழியில பார்த்த நாய்க்கு எத்தனை குட்டி, எந்தக் குட்டிக்குக் காது மடங்கியிருக்குன்னு பிசகாம சொல்லுவான். பெரியவ அவனுக்கு ஓட்டைச்சட்டின்னு பேரு வச்சா. அப்படிக் கூப்பிட்டா அவனும் சிரிச்சுக்கிட்டே என்னக்கான்னு கேப்பான்.

நான் டிரில் மாஸ்டர் பேச்சைக் கேட்டேனான்னுதானே கேக்குறீங்க? கேக்கலைங்க. கிளாஸ் டீச்சர் வேற சொன்னாங்க. ஒண்ணு மறந்தா ஒருநாள் விளையாட்டு கட், அப்பத்தான் புத்தி வரும்னாங்க. விசில் வச்சிருக்கிறவரு ஒண்ணு சொல்றாரு, சாக்பீஸ் வச்சிருக்கிறவங்க ஒண்ணு சொல்றாங்க. நான் சாக்பீஸைத்தான் நம்பினேன். நோட்டு மறந்தான், ஒருநாள் கட். பென்சிலைத் தொலைச்சான், இன்னொரு நாள். வாசல் வரைக்கும் போயி எதுக்கு வந்தேன்னு திரும்பி வந்தான், அதுக்கும் ஒருநாள். ரெண்டு மாசத்துல பார்த்தா, அடுத்த வருஷம் வரைக்கும் அவனுக்கு விளையாட்டே இல்லை. ஓடாம ஓடாம இன்னும் மறந்தான். மறக்க மறக்க நான் இன்னும் உக்கார வச்சேன்.

அப்புறம் ஒரு துண்டு எடுத்து நாற்காலியோட சேர்த்து இடுப்பைக் கட்டினேன்.

இறுக்கமா இல்லைங்க. முடிச்சை அவனே அவிழ்த்துரலாம். அவிழ்க்கவே மாட்டான். பாடம் முடிஞ்சு நான் வந்து அவிழ்க்கிற வரைக்கும் நாற்காலியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, நான் அசையலைம்மா, பாரும்மான்னு சொல்லிக்கிட்டே இருப்பான். நான் அந்தப் பக்கம் உக்காந்து ஜெபம் பண்ணுவேன். என் புள்ளைக்குப் பொறுமையைக் குடு கடவுளேன்னு. அவன்கிட்டதான் அத்தனை பொறுமையும் இருந்துச்சுன்னு அப்பத் தோணலை.

இப்பவா? முப்பத்திரண்டு வயசுங்க. ஒன்பது வேலை போச்சு. கடைசியா ஒரு கிடங்குல பொட்டி மாத்தி ஏத்திட்டான்னு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் வேலைக்குப் போகலை. ஜன்னல்கிட்ட ஒரு நாற்காலி போட்டு உக்காந்திருக்கான். காலையில நான் வர்றப்ப உக்காந்திருப்பான், திரும்பிப் போறப்பவும் உக்காந்திருப்பான். கொஞ்சம் நடந்துட்டு வாடான்னா, எதுக்கும்மாங்கறான். கோவமெல்லாம் இல்லை, நிஜமாவே கேக்குறான். சின்ன வயசுல உக்காருடா உக்காருடான்னு சொன்னேன். இப்ப உக்காந்துட்டான்.

வேணாங்க, தண்ணி வேணாம். நான் அழலை. அழுகை வர்ற இடம் மரத்துப்போச்சுங்க, பல் புடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி. கிள்ளினாலும் யாரோ யாரையோ கிள்றாங்கன்னு இருக்கு.

ஓடவிட்டிருந்தா சரியாயிருப்பான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எனக்கு என்ன தெரியும். அதை நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுவீங்கன்னுதானே இந்த வேலைக்கு வந்தேன். நீங்க என்னை மீன் ரூமுக்குப் போட்டீங்க. எட்டுப் பிள்ளைங்க, எட்டு நாற்காலி, இருபத்தஞ்சு நிமிஷம். ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது ஆயாம்மா, எந்திரிச்சா என் கணக்கே கெட்டுப்போயிடும்னீங்க. கதவைச் சாத்திட்டு நிக்கணும், முடிஞ்சதும் தாள்ல டிக் போடணும். அவ்வளவுதான் வேலை. முதல் வாரம் ஒழுங்காத்தான் செஞ்சேன்.

ரெண்டாவது வாரம், அந்த ரெட்டைப்பின்னல் பொண்ணு இருக்குல்ல, நான் பம்பரம்னு கூப்பிடுவேனே, அது. முன்வரிசையில உக்காந்துக்கிட்டு நாற்காலியை ரெண்டு கையாலயும் புடிச்சிருந்துச்சு. உதட்டைக் கடிச்சிருக்கு. காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. என்னைத் திரும்பிப் பார்த்து, ஆயாம்மா, நான் அசையலை, பாருங்கன்னுச்சு.

பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருக்குல்லைங்க, மூணு மாடிக்கும் போறது. யாரும் வர மாட்டாங்க. அதுலதான்.

ஓடினது. நம்ம மீன் ரூம் பிள்ளைங்கதான்.

ஒருநாள் இல்லைங்க. அன்னையிலேருந்து தினமும், எட்டாவது வாரம் முடியுற வரைக்கும். செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கச் சொல்லிருவேன். மேல போயி கீழ வந்து, மேல போயி கீழ வந்து. வாயைப் பொத்திக்கிட்டே சிரிக்கும்ங்க. மூஞ்சியெல்லாம் ரத்தமாச் சிவந்துரும். ரூமுக்குள்ள படம் அது பாட்டுக்கு ஓடும், மீனெல்லாம் காலி நாற்காலியைப் பார்த்து நீந்தும். முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி கூட்டிட்டு வந்து மூஞ்சியைத் தொடைச்சு உக்கார வச்சிருவேன். ஒருநாள் நீங்ககூட வந்து, ஏன் இப்படி வேர்த்திருக்கு, ஃபேன் ஓடலையான்னு கேட்டீங்க. பம்பரம்தான் சொல்லுச்சு, படத்துல சுறா வந்துச்சு டாக்டர், பயந்துட்டோம்னு.

எல்லாத்தையும் மறக்கிற பிள்ளைங்க. அதுங்கள்ல ஒண்ணுகூட இதை மறந்துபோயி வெளிய சொல்லலை.

தாள்ல டிக் போட்டது நான்தான். உக்காந்திருந்தாங்க, உக்காந்திருந்தாங்கன்னு ஒவ்வொரு நாளும் போட்டிருக்கேன். அந்தப் பொய்க்கு ராத்திரி ராத்திரி மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் திரும்பவும் போட்டேன்.

உங்க கணக்குல எதுவும் தப்பில்லைங்க. ரெண்டு ரூமுமே ஓடின ரூமுதான். உக்காந்த ரூமுன்னு ஒண்ணு இல்லவே இல்லை. ஓட்டத்துக்குப் பலன் உண்டுன்னு வாயால சொல்ல எனக்குப் படிப்பில்லை, அதனால காலால செஞ்சேன். நான் செஞ்சதாலயே அது ஒண்ணுமில்லைன்னு ஆகிப்போச்சு. இதைக் கேட்டதுலேருந்து நெஞ்சுல ஏதாவது வலிக்குதான்னு பார்க்குறேன். ஒண்ணும் வலிக்கலை.

திட்டுங்க, பரவாயில்லை. உங்களுக்கு எட்டு வாரம் வீணாப்போச்சு. பிள்ளைங்களை மட்டும் கூப்பிட்டு விசாரிக்காதீங்க, அதுங்க நான் சொன்னதைத்தான் செஞ்சுச்சு. டிக் போட்ட தாளெல்லாம் அந்த அலமாரியில இருக்கு, எல்லாத்துலயும் என் கையெழுத்துதான்.

திரும்ப முதல்லேருந்து செய்யணுமா? செய்யுங்க. செஞ்சுதான் ஆகணும், எனக்கும் புரியுது. உக்காந்திருக்கிற பிள்ளைங்க உக்காந்தாத்தான் ஓடுற பிள்ளைங்களுக்கு நியாயம் கிடைக்கும். வேணும்னா நான் சைக்கிளைத் தொடைக்கிறேன், தண்ணி புடிச்சு வைக்கிறேன், தரையைக் கூட்டுறேன்.

மீன் ரூம் கதவுகிட்ட மட்டும் வேற யாரையாவது நிக்க வைங்க டாக்டரம்மா.