பச்சைக் கோடு

எனக்குச் சட்டென்று கோபம் வராது சார். கம்பெனி பஸ்ஸில் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால், செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரைக்கும் நின்றுகொண்டே வந்துவிடுவேன். அதனால் கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இறால் கம்பெனியில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இறாலை உறைய வைக்க அங்கே குழாய்களில் அமோனியா ஓடுகிறது. கன்ட்ரோல் ரூமில் ஒரு ரெக்கார்டர் இருக்கிறது. டிவி மாதிரித் திரை, ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு நிறத்தில் கோடு. பேக்கிங் ஹால் காற்றில் எவ்வளவு அமோனியா கலந்திருக்கிறது என்பதைப் பச்சைக் கோடு காட்டும். அளவு மீறினால் ரெக்கார்டரே சைரனை அடித்து வால்வை மூடிவிடும்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து அந்தக் கோடு அவ்வப்போது எகிற ஆரம்பித்தது. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வேண்டா ஒவ்வொரு முறையும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வருவாள்.

"கண்ணு எரியுது சார். எங்கியோ பைப்பு ஒழுவுது. இன்னான்னு பாருங்க."

நான் மேனேஜர் ஜான்சனிடம் போவேன். "பைப்பு மாத்தணும்னா லைன நிறுத்தணும் பரணி. கன்டெய்னர் வாசல்ல நிக்குது. புரூஃப் எதுனா இருக்குதா? இருந்தா காட்டு" என்பார்.

காட்டுவதற்கு எதுவும் இருக்காது. ரெக்கார்டரின் மெமரி சின்னது. நிரம்பினால் பழையதை அழித்துவிட்டு அதன்மேல் புதியதை எழுதும். ஜான்சன் சாவகாசமாக எழுந்து வருவதற்குள் கசிந்த நாளே அதில் இருக்காது. பென் டிரைவில் எடுத்து வைக்கலாமென்றால் அதைச் செருகும் ஓட்டையை ஐ.டி. ஆட்கள் அடைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த வழி ஆட்டோ ஆர்க்கைவ்தான். அதைச் செட் செய்துவிட்டால் மணிக்கொரு தடவை ரெக்கார்டர் தானாகவே எல்லாவற்றையும் சர்வருக்கு அனுப்பிவிடும்.

சொல்வதற்குச் சுலபம். ஐ.டி.யில் பிரவின்குமார், என்ன வேண்டுமென்று கம்ப்யூட்டரில் எழுதி டிக்கெட் போடச் சொன்னான். போட்டேன். தேவை தெளிவாக இல்லை என்று மூடினான். மறுபடி போட்டேன். பாஸ்வேர்டு வந்தது, சர்வரில் எழுத அனுமதி வரவில்லை. அனுமதி வந்தது, ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருக்கிறதென்று ரெக்கார்டர் ஏற்கவில்லை. பெயரை மாற்ற இன்னொரு டிக்கெட். 'ஆர்க்கைவ் தோல்வி' என்று சிவப்பில் வரும் சார். வீட்டில் என் மனைவி சங்கரி சோறு போட்டால் தட்டிலும் அந்தச் சிவப்புதான் தெரிந்தது.

ஒரு வழியாகப் போன மாதம் 'வெற்றி' என்று வந்தது. அடுத்த கசிவு முழுசாக ஃபைலில் விழுந்தது. மீட்டிங்கில் போட்டுக் காட்டினேன்.

ஜான்சன் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னா இது, ஊசி மாரி ஒரு கோடு. எவனாவது ப்ளீச்சிங் பவுடர் கொட்டினு இருப்பான். மிஷினுக்கு இவ்ளோ உழைக்கிற, கம்பெனிக்கு எப்போ உழைப்ப?"

எல்லாரும் சிரித்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சைரன் அடித்ததும் வால்வு மூடிவிடுகிறது. கோடு வளர்வதற்கு இடமே இல்லை. ஊசியைப் பார்த்து யாரும் கசிவு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மலை மாதிரி ஏறி நின்றால் மறுக்க முடியாது. மீட்டிங் முடிந்து வந்து உட்கார்ந்தபோது செட்டிங்ஸ் பக்கம் திறந்தே இருந்தது. பச்சைக் கோட்டின் அலாரத்தை எடுத்துவிட்டேன்; இனி சைரனும் அடிக்காது, வால்வும் தானாக மூடாது. ஒரே ஒரு தடவைக்குத்தான்.

புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து பெண்கள் ஹாலுக்குத் திரும்பிய பிறகு கோடு ஏறத் தொடங்கியது. வால்வை மூடும் பொத்தான் என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் முழு மணி ஆகும்போதுதான் ஃபைல் சர்வருக்குப் போகும். அதற்குள் மூடினால் மறுபடியும் ஊசிதான் கிடைக்கும்.

போன் அடித்தது. வேண்டா.

"சார், நாத்தம் ஜாஸ்தியா கீது. பொம்பளைங்க இருமிகினு கீறாங்க. சைரன் அடிக்காம வெளிய போனா ஜான்சன் சார் கத்துவாரு. இட்டுனு போவட்டுமா?"

"இரும்மா. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரி சார். நீங்க சொன்னா சரி."

நான் பொய் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கன்ட்ரோல் ரூம் தனிக் கட்டடம், ஏசி ஓடும், வெளிச் சத்தம் கேட்காது. கோடு நடுங்காமல் ஏறியது. அழகாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். தெளிவாக இருந்தது. போன் மறுபடி அடித்தது, நான் எடுக்கவில்லை. முழு மணி ஆனது. 'ஆர்க்கைவ் வெற்றி'. அதன் பிறகு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை சார். வால்வை மூடினேன், சைரனைக் கையாலேயே அடித்தேன்.

வேண்டா கதவைத் திறந்து பல பேரை வெளியே தள்ளிவிட்டாளாம். பேக்கிங் செய்யும் சின்னப்பொண்ணு என்பவள் விழுந்து கிடக்கிறாள் என்று மறுபடி உள்ளே போனவள் திரும்பவில்லை. அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து இறந்தது ஆறு பேர். பிழைத்த பெண்களில் காயத்ரிக்குக் கண் பார்வை வருமா வராதா என்று ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லவில்லை.

அலாரத்தை எடுத்தது யார் என்று கேட்டீர்கள். அதே ஃபைலில் என் பெயரோடு பதிவாகியிருக்கிறது. அதை நான் தொடவில்லை. கணக்கு என்றால் முழுசாக இருக்க வேண்டும்.

ஜான்சனை நேற்று நீங்களே விசாரணைக்கு அழைத்துப் போனீர்கள். இந்தத் தடவை புரூஃப் எங்கே என்று அவர் கேட்கவில்லை என்றார்கள். பழைய குழாயைக் கழற்றியாகிவிட்டது, புதுக் குழாய் வந்து இறங்கியிருக்கிறது. அதை மாற்றச் சொல்லி வேண்டா எத்தனை தடவை நடந்தாள். அவள் இருந்திருந்தால் எனக்குத்தான் முதலில் நன்றி சொல்லியிருப்பாள்.